ஹட்டனிலிருந்து கோத்தகிரிக்கு: எந்த வழியாகப் போகலாம்?

இலங்கை மலையகத்து ஹட்டனுக்கும் தமிழ்நாட்டு நீலகிரியில் இருக்கிற கோத்தகிரிக்கும் நடுவே வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். ஊர்ப் பெயர் இரண்டைக் கொடுத்தால் தூரம் சொல்லும் இணையப் பக்கங்கள், இதற்குப் பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி என்று கூசாமல் எழுதிவிடும். ஹட்டனிலும் விமான நிலையம் கிடையாது, கோத்தகிரியிலும் கிடையாது என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஹட்டன் என்று அடித்தால் ஸ்கொட்லாந்தில் இருக்கிற ஹட்டன் வந்து நிற்கவும் கூடும், கவனம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல் விமானம் இறங்கியதுண்டு என்று யாராவது சொல்வார்கள். அது சுற்றுலாக்காரர்களுக்கு. நாம் கட்டிக்கொண்டு போகிற பொதிக்கு அதில் இடமில்லை.

இந்தக் கேள்வி மலையகத்தில் ஏன் அடிக்கடி வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. அப்படிப் போனவர்களுக்காகத்தான் தமிழ்நாடு அரசு 1968இலிருந்து நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று அங்கேயும் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), அங்கேயும் கொழுந்து. அன்றைக்குக் கைப்பிள்ளையாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணம். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வருகிறது, கூடவே "சித்தப்பா, கட்டாயம் குடும்பத்தோட வரணும்" என்று ஒரு குரல் பதிவும். சரி, போகலாம். எப்படிப் போவது என்பதில்தான் வீட்டில் நாலு பேருக்கு நாலு அபிப்பிராயம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த விமான நிலையம் கிட்ட இருக்கிறது என்று பார்த்து டிக்கட் போடாதீர்கள். மேட்டுப்பாளையத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்று பாருங்கள். நீலகிரிக்கு எந்தப் பக்கமாக வந்தாலும், கூடலூர்க்காரர்களைத் தவிர, எல்லாரும் அந்த அடிவாரத்தைக் கடந்துதான் மேலே ஏற வேண்டும். அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஆனால் மலை. வெளிச்சத்தில் ஏறினால் ஒன்றரை மணிக்குள் வீடு. இருட்டில் ஏறினால் பனி, கொண்டை ஊசி வளைவு, போதாததற்கு யானை. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டிலேயே நிற்கும். அது போகும்வரை வரிசையில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, எந்த வழியில் போனாலும் குறையாத நேரம் ஒன்று இருக்கிறது. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம். கினிகத்தேனை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று இறங்கிப் போனால் நாலரை மணி நேரம். மழையென்றால் ஐந்தைத் தாண்டும். காலை விமானம் என்றால் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு வான் (வேன்) வரும். அந்த நேரத்தில் லயத்து வாசலில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாட்டி கம்பளிச் சால்வைக்கு மேல் இன்னொரு துண்டைச் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக ரெடியாக நிற்பார். தேயிலைப் பக்கட், மாலிபன் பிஸ்கட், அங்கே கிடைக்காத மாசி என்று நிரப்பிய பெட்டியை யாரோ ஒருவர் குளியலறைத் தராசில் மறுபடியும் நிறுத்துப் பார்ப்பார். கடைசி நேரத்தில் மேல் லயத்து அக்கா "இதையும் என் தங்கச்சிக்குக் குடுத்துடுங்க" என்று ஒரு பொட்டலத்தோடு ஓடி வருவார். கித்துல்கலை வளைவுகளில் பின் சீட்டுக்காரர்கள் தேசிக்காயை மோந்துகொண்டே இறங்குவார்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தால், சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்குள்ளேயே ஏழரை மணி நேரம் செலவு. இதை யாரும் பயண நேரத்தில் சேர்ப்பதில்லை.

விமானம் பறக்கிற நேரத்தில் அப்படிப் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து மதுரை நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர், திருச்சி 420, கொச்சி 505, சென்னை 650, பெங்களூர் 710. மதுரையின் தூரத்தை இரட்டித்தால் பெங்களூர். ஆனால் நேரம் இரட்டிப்பதில்லை. மதுரைக்கும் திருச்சிக்கும் ஒரு மணி நேரம் அப்படி இப்படி, சென்னைக்கு ஒன்றேகால் மணியைக் கொஞ்சம் தாண்டும். காரணம், இவ்வளவு கிட்டத்து ஊர்களுக்குப் போகும்போது ஓடுபாதை வரை உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்கத் தொடங்குவது என்று இவைதான் நேரத்தின் பெரும் பகுதியைத் தின்கின்றன. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் பறக்கிற நேரம் கொஞ்சம்தான். ஆகவே "மதுரைதான் கிட்ட" என்று மாமா அடித்துச் சொல்வது உண்மைதான், ஆனால் அந்த உண்மையால் நமக்குக் கிடைக்கிற லாபம் ஐந்தோ பத்தோ நிமிடம். கைக்கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். 2006 ஏப்ரலிலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

மதுரையை அந்த லாபத்துக்காக எடுக்காதீர்கள் என்பேன். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது, நீங்கள் போக வேண்டியது வடமேற்கே. கோயம்புத்தூர் பஸ் ஆரப்பாளையம் நிலையத்தில்தான் ஏற வேண்டும், அதற்கு ஊரைக் கடக்க வேண்டும். பிறகு ஐந்து ஆறு மணி நேரம் பஸ். திருச்சியைவிட விமானங்களும் குறைவு. தேனி, திண்டுக்கல், கொடைக்கானல் பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்கு மதுரை அருமையான வழி. நீலகிரிக்கு இல்லை.

உண்மையான போட்டி திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவில்தான்.

திருச்சியில் 2024 ஜூனிலிருந்து புது முனையம் இயங்குகிறது. வெளியே வந்தால் நகரம் கிட்ட, யாரிடமும் தமிழிலேயே பேசி வேலையை முடிக்கலாம். முதல் தடவை விமானம் ஏறுகிற வயதானவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. அங்கிருந்து காரில் கரூர், காங்கேயம், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போகலாம். இந்தப் பாதையில் போனால் கோயம்புத்தூர் நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். கோத்தகிரி வரை 270 கிலோமீட்டர் அளவில், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஆறரை ஏழு மணி நேரம். காலை விமானத்தில் போய்ப் பத்து மணிக்கு இறங்கி, பதினொன்றுக்குள் காரில் ஏறிவிட்டால் சூரியன் மறைகிற நேரத்துக்கு வீட்டு வாசலில் நிற்கலாம். ஹட்டனில் ஒரு மணிக்குக் கிளம்பியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 17 மணி நேரம். இந்தியாவுக்குள் இன்னொரு விமானம் மாறாமல் போகிற வழிகளில் நேர் கணக்கில் குறைவானது இதுதான்.

ஆனால் இது காலை விமானத்துக்கும் காருக்கும் மட்டும் பொருந்துகிற கணக்கு. பிற்பகல் விமானம் என்றால் நாலு மணிக்கு வெளியே வந்து, ராத்திரி பத்தரைக்கு மலை ஏறிக்கொண்டிருப்பீர்கள். மேலே சொன்ன பனியும் யானையும் அப்போதுதான். காருக்குப் பதிலாக பஸ் என்றாலும் கதை மாறிவிடும். திருச்சி பஸ் கோயம்புத்தூரில் சிங்காநல்லூரில் இறக்கிவிடும். ஊட்டி, மேட்டுப்பாளையம் பக்கம் போகிற பஸ் மேட்டுப்பாளையம் ரோட்டு நிலையத்திலிருந்து. நடுவில் நகரத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும், அதுவும் வேலை விட்டு எல்லாரும் வீடு திரும்புகிற நேரத்தில், கையில் பெட்டிகளோடு. குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காரில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 மே 7ஆம் திகதியிலிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய ஈ-பாஸ் (இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு) வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வைக்கிறார்கள். கல்யாணங்கள் நிறைய வைப்பதும் அந்த மாதங்களில்தான். காரை ஏற்பாடு செய்கிற அண்ணனிடமோ மச்சானிடமோ சொல்லி பாஸை முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள். அரசு பஸ்ஸில் ஏறிப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சென்னை வழி கேட்பதற்கு முட்டாள்தனமாக இருக்கும். கோத்தகிரியைத் தாண்டி வடக்கே போய், பிறகு 500 கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வருகிற பாதை. நேரமும் கூட, ஏறத்தாழ 26 மணி. அப்படியிருந்தும் குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஹட்டனில் காலை ஆறு மணிக்குக் கிளம்பலாம், யாருடைய தூக்கமும் கெடாது. பிற்பகல் விமானம், மாலை நாலரைக்குச் சென்னை. விமான நிலையத்திலிருந்தே மெட்ரோவில் ஏறி முக்கால் மணியில் சென்ட்ரல், வண்டி மாற வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணியை ஒட்டி நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்பும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின்னால் மேட்டுப்பாளையம். 26 மணி நேரத்தில் ஒன்பது மணி நேரம் நீட்டிப் படுத்த நேரம். திருச்சி வழியில் 17 மணி நேரமும் உட்கார்ந்த நேரம். பாட்டியின் முழங்காலைக் கேட்டால் எது குறைவான பயணம் என்று அது சொல்லும்.

மேட்டுப்பாளையத்தில் அந்தக் காலை நேரம் எனக்குப் பிடிக்கும். பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் "கோத்தகிரி, கோத்தகிரி" என்று கூப்பிடுவார்கள், மண்டிகளிலிருந்து வெள்ளைப்பூண்டு வாசம் வரும், மேலே பார்த்தால் மலை நீலமாக நிற்கும். இங்கே ஒரு சபலம் வரும். ரயிலை விட்டு இறங்கியதும் எதிரே ஊட்டி மலை ரயில் காலை 7.10க்குத் தயாராக நிற்கும். பிள்ளைகள் அதில் போகலாம் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அது கோத்தகிரிக்குப் போகாது, குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது. 46 கிலோமீட்டருக்கு நாலரை ஐந்து மணி நேரம் எடுக்கும், முன்பதிவு இல்லாமல் இடமும் கிடைக்காது. மண்சரிவு என்றால் நம்ம மலைநாட்டுக் கோச்சி (ரயில்) மாதிரியே நாட்கணக்கில் நின்றுவிடும். குன்னூர்க்காரர்கள் வேண்டுமானால் ஆசைக்குப் போகலாம். கல்யாணம் முடிந்து திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை வழிக்கு ஒரே நிபந்தனை ரயில் டிக்கட். 2024 நவம்பரிலிருந்து பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே முதலில் ரயிலைப் பிடியுங்கள், அதற்குத் தக்கபடி விமானத்தைப் பாருங்கள். அங்கே இருக்கிற சொந்தக்காரரிடம் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரை எழுத்துக்கு எழுத்து அனுப்பிப் பதிவு செய்யச் சொன்னால் போதும். வீட்டில் கூப்பிடுகிற பெயரில் போட்டுவிட்டால் டிக்கட் பரிசோதகரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காசு பிரச்சினை இல்லை என்கிறவர்கள் சென்னையில் இன்னொரு விமானம் மாறிக் கோயம்புத்தூர் போகலாம். இறங்கி இரண்டரை மணி நேரத்தில் கோத்தகிரி. ஆனால் இந்தியாவுக்குள் நுழைகிற முதல் இடத்திலேயே குடிவரவும் சுங்கமும் என்பதால், சென்னையில் பெட்டிகளை எடுத்து, வெளியே வந்து, மறுபடி கொடுக்க வேண்டும். இடையில் மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் கூட்டினால் 16 மணிக்குக் கிட்ட வருகிறது, திருச்சி காரைவிட ஒரு மணி மிச்சம். அதற்கு ஆகிற செலவைப் பார்த்தால் தனியாகப் போகிற ஆளுக்குச் சரி, ஐந்து பேர் குடும்பத்துக்கு இல்லை.

கொச்சியை யாரும் நினைப்பதில்லை, ஆனால் அதுவும் மோசமில்லாத வழி. விமான நிலையத்துக்குக் கிட்டவே ஆலுவா, அங்கமாலி ரயில் நிலையங்கள், அங்கிருந்து பாலக்காடு வழியாகக் கோயம்புத்தூர் மூன்றரை நாலு மணி நேரம். காலையில் இறங்கினால் பொழுதோடு மலை ஏறிவிடலாம்.

யாழ்ப்பாணம் வழியைப் பற்றி இப்போதெல்லாம் அதிகம் கேட்கிறார்கள். அங்கே இருக்கிற பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2022 டிசம்பரில் விமானம் மறுபடி தொடங்கியது, திருச்சிக்கு 2025 மார்ச் இறுதியில். பலாலிக்கும் திருச்சிக்கும் நேர்கோடு 185 கிலோமீட்டர்தான், எந்த வழியையும்விடக் குறைவு. வவுனியா, கிளிநொச்சிக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஹட்டன்காரருக்கு? கண்டி வரை எழுபது கிலோமீட்டர், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் 321. கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி வரை பறக்கிற தூரத்துக்குக் கிட்டத்தட்ட சமமான தூரத்தை நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்தே ஓடி முடித்திருப்பீர்கள், விமானத்தைக் கண்ணில் பார்ப்பதற்கு முன்னாலேயே.

காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பலுக்கும் இதே கணக்குத்தான், இன்னும் ஒரு படி மேலே. கடல் தூரம் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். நாகையிலிருந்து திருச்சி வந்து, அங்கிருந்து மேலே சொன்ன பாதை. வீட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டு இரவு போய்விடும். அவசரமில்லை, கடலில் போன மாதிரியும் இருக்கட்டும் என்கிறவர்கள் போகட்டும். நம்ம தாத்தாக்கள் போன வழி இதைவிடச் சுலபமாக இருந்தது என்பதுதான் எரிச்சல். 1914இலிருந்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கப்பல், இரண்டு பக்கமும் கரை வரை கோச்சி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. ஒப்பந்தத்தில் போனவர்களை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ஒப்பாரிக் கோச்சி அந்த வழியில்தான் போனது. 1980களில் போரோடு எல்லாம் நின்றது. தலைமன்னார் வழி மறுபடி திறந்தால் இந்தக் கட்டுரையின் பாதியை அழித்துவிட்டு எழுத வேண்டும்.

இதுவரை கல்யாணத்துக்குப் போகிறவர்களை மனதில் வைத்துச் சொன்னேன். சாவு வீடு என்றால் வேறு. ராத்திரி செய்தி வந்து, காலையில் கிளம்பி, மறுநாள் அடக்கத்துக்கு முகம் பார்த்துவிடலாம் என்று நினைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். கையில் செல்லுபடியாகிற விசா இருந்தால் மட்டும் திருச்சியும் காரும் என்று பாயலாம். இல்லாவிட்டால் மனதைத் தேற்றிக்கொண்டு கருமாதிக்குப் போவதுபோல ஏற்பாடு செய்யுங்கள். அப்போது அவசரமே இல்லை, சென்னை வழியில் நிம்மதியாகப் போகலாம். விசா வேலைக்குக் கொழும்புக்கு இறங்குவதற்கு முன் கண்டியில் இருக்கிற இந்திய உதவித் தூதரகத்தில் விசாரியுங்கள். ஈ-விசாவில் போகிறவர்கள், அது எல்லா வாசலிலும் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள். சென்னை, திருச்சி, மதுரை, கொச்சி விமான நிலையங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. கப்பலில் போகிற எண்ணம் இருந்தால் டிக்கட்டுக்கு முன்னால் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு மேட்டுப்பாளையம் வழி சுற்று. ஊட்டி வரை ஏறி, அங்கிருந்து இன்னும் 50 கிலோமீட்டர் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். கொச்சியில் இறங்கி நிலம்பூர், நாடுகாணி வழியாக மேலே வருவது நல்லது. பெங்களூரில் இறங்கி மைசூர் வழியாக வருகிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பந்திப்பூர் காட்டு வழியை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடிவிடுவார்கள். மாலை விமானத்தில் இறங்கினால் அன்றைக்கு ராத்திரி மைசூரில்தான் தங்கல்.

திரும்பி வரும்போது எல்லாருக்கும் ஒரே வழிதான் சொல்வேன், நீங்கள் போகும்போது எந்த வழியில் போயிருந்தாலும். இரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை, மதியத்தை ஒட்டிய விமானம், பிற்பகலில் கட்டுநாயக்க. வானை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தால் ஒன்பதுக்குள் ஹட்டன். மலிவு என்று ராத்திரி விமானத்தை எடுத்துவிட்டு, பகல் முழுதும் ஓடிக் களைத்த டிரைவரைக் கூப்பிட்டு, நடுச்சாமத்தில் கினிகத்தேனை ஏற்றத்தில் மழையோடு மல்லுக்கட்டாதீர்கள். ராத்திரி விமானம்தான் கிடைக்கிறது என்றால் நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தூங்கிவிட்டு, விடிந்த பிறகு ஏறுங்கள்.